ஜப்பானியர் வரைந்த இராமனும் சிவகாசிக் கண்களும்

வர்ணத்தையே பிழைப்பாகக் கொண்ட ஊராரிடம் ஒரு வர்ணச் சித்திரப் படத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதில் தனியானதொரு லாபம் உண்டு. மற்ற ஊர்களில் ‘நன்றாயிருக்கிறது’ என்றோ ‘இழுவை’ என்றோ இரண்டே தீர்ப்புகளில் முடிந்துவிடும் விஷயம், காகிதத்தின் மேல் வர்ணம் ஏற்றுகிறவர்களும் ஆகாயத்தில் வர்ணத்தைச் சிதறவிடுகிறவர்களும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் சிவகாசியில், இந்தச் சிவப்பு எப்படி வந்தது, அந்த நீலம் ஏன் இத்தனை சுத்தமாயிருக்கிறது என்று தொழில்முறைப் பேச்சாக விரிந்துவிடுகிறது. அவ்வாறு விரியத் தகுந்த படமொன்று 2025 ஜனவரி 24ஆம் தேதி தமிழிலும் பேசிக்கொண்டு திரையரங்குகளுக்கு வந்தது. ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்பது அதன் பெயர். ஜப்பானியக் கலைஞர்களும் நம் நாட்டாரும் கூடிச் செய்த இப்படம், 1990களின் தொடக்கத்திலேயே முடிந்து திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டும், நம் தேசத்துச் சாதாரண ஜனங்களின் கொட்டகைகளை எட்டுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

இராமனை ஜப்பானியர் வரைந்தார்கள் என்று கேட்டால் வேறு ஊர்க்காரர் புருவத்தை உயர்த்தலாம். சிவகாசிக்காரருக்கு அதில் வியக்க அதிகம் இல்லை. பண்டித நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டம் இவ்வூரின் மேல் இன்றும் இருக்கிறது என்பது மட்டுமன்று காரணம். 1910ஆம் ஆண்டையொட்டிக் கல்கத்தாவில் குடியேறிய சில ஜப்பானியக் குடும்பங்கள் சிறு இயந்திரங்களை வைத்துத் தீக்குச்சி செய்யும் வித்தையை அங்கே பரப்ப, அவ்வித்தையை அந்நகரத்து வங்காளிகள் கற்றுக்கொள்ள, மழை பொய்த்த கரிசல் பூமியில் ஜீவனத்துக்கு வழி தேடிப் புறப்பட்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று அதைப் பயின்று திரும்பியதிலிருந்தே இவ்வூரின் நவீன சரித்திரம் ஆரம்பமாகிறது. தீப்பெட்டிக்கு மேலொட்டும் படம் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் வந்தது. தீப்பெட்டி மருந்தின் பழக்கத்தால் பட்டாசு வந்தது. ஆக, கிழக்கே போய் வித்தை கற்ற ஊர், கிழக்கேயிருந்து வந்து நம் கதையைக் கற்றுக்கொண்ட ஒருவரைப் பார்த்துப் புறத்தியான் என்று சொல்வது அவ்வளவு பொருத்தமாயிராது.

அந்த ஒருவர் யுகோ சாகோ. 1928இல் பிறந்து 2012இல் மறைந்த இவர், ஆவணப் படங்கள் எடுப்பவராக இந்தியாவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். தொல்லியல் அறிஞர் பி. பி. லால் உத்தரப் பிரதேசத்தில் இராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களில் நடத்திய அகழாய்வுகளைப் பற்றி 1983இல் ஒரு படம் எடுக்க முற்பட்டபோதுதான் இக்காவியத்தில் அவருக்கு ஈடுபாடு முற்றியது. ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயண நூல்களைப் பல வடிவங்களில் வாசித்துத் தீர்த்தபின் அவர் எட்டிய முடிவு சுவாரசியமானது: இராமன் தெய்வமாகையால் அவனை ஒரு நடிகனின் சரீரத்தில் காட்டுவதைவிடச் சித்திரத்தில் காட்டுவதே உத்தமம் என்பது அவர் எண்ணம். 1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் என். டி. ராமராவை இராமனாகக் கண்டு திரைக்கு முன் கைகூப்பிய தலைமுறை நம்மிடம் இருந்ததுண்டு. எனினும், அடுத்த மாதமே அதே முகத்தை வேறொரு வேஷத்தில் பார்க்க நேருகிற சங்கடத்தையும் அத்தலைமுறை அறிந்திருந்தது. வரையப்பட்ட இராமனுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் செய்தி வெளிப்பட்ட உடனே எதிர்ப்பும் பிறந்தது. சாகோ எடுத்த ஆவணப் படத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தி ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு, அந்நியர் ஒருவர் நம் தேசியப் பாரம்பரியத்தை மனம்போனபடி படமாக்கலாகாதென்று விசுவ இந்து பரிஷத் டில்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்கு ஆட்சேபக் கடிதம் விடுத்தது; பின்னர் அந்த மனத்தாங்கல் நீங்கியது. கூட்டுத் தயாரிப்பாகச் செய்யலாம் என்று கேட்டபோது, விஷயம் நாசூக்கானது, கார்ட்டூனாகச் செய்யத் தக்கதன்று என்னும் காரணத்தால் நம் அரசாங்கம் உடன்படவில்லை. கார்ட்டூன் என்றால் பூனையும் எலியும் துரத்திக்கொள்வது என்ற அளவிலேயே அக்காலத்து உத்தியோகஸ்தர்களின் அனுபவம் நின்றிருக்கவேண்டும். முடிவில் டோக்கியோவிலேயே ஒரு நிறுவனம் அமைத்து வேலையைத் தொடங்கினார்கள். பம்பாயிலிருந்து ராம் மோகன் சென்று சேர்ந்தார். 1956இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் தொழில் பழகி, இந்திய அனிமேஷனின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்டு, 2014இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். சாகோ, கொய்ச்சி சசாகி, ராம் மோகன் ஆகிய மூவரும் இயக்குநர்கள். இசை வன்ராஜ் பாட்டியா. 450 கலைஞர்கள் உழைத்து, ஏறத்தாழ ஒரு லட்சம் கைச்சித்திரங்களை ஆக்கினார்கள் என்பது வெளியீட்டின்போது சொல்லப்பட்ட கணக்கு. 135 நிமிஷம் ஓடும் படத்தில், நொடிக்கு 24 பிம்பங்கள் வீதம் பார்த்தால், 1,94,400 பிம்பங்கள் வருகின்றன. ஒரே சித்திரத்தை இரண்டு மூன்று பிம்பங்களுக்கு நிறுத்திவைப்பது ஜப்பானியர் வழக்கமாகையால் அக்கணக்கு மிகையாகத் தோன்றவில்லை.

படம் தயாரான சமயமோ மிகவும் பொல்லாத சமயம். 1992 டிசம்பரில் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டு, தேசமெங்கும் கலவரம் எழுந்திருந்த வேளையில், இராமன் பெயர் தாங்கிய படத்தைப் பரவலாக வெளியிட யாருக்குத் துணிவு வரும்? டில்லித் திரைப்பட விழாவில் காட்டிய பின் படம் பெட்டிக்குள் போயிற்று. 2000களின் தொடக்கத்தில் கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சிதான் அதைக் குழந்தைகளிடம் கொண்டு சேர்த்தது.

இவ்வளவும் பூர்வகதை. இனி, பார்த்தவர்கள் சொல்வதற்கு வருவோம்.

அன்று தொலைக்காட்சிக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இன்று முப்பதைக் கடந்தவர்கள். இவர்களுடைய அபிப்பிராயத்தில் விமர்சனத்தைவிட வாஞ்சையே அதிகம்; படத்தில் ஒரு குறை காட்டினால், தம் பள்ளிக்கூட விடுமுறையிலேயே குறை கண்டதுபோலக் கோபிக்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு வயதானவர்களிடம் போவதுதான் பயன் தரும். ஏனென்றால் இவ்வட்டாரத்து வயோதிகர்களின் மனத்திலுள்ள இராமன், வால்மீகியோ கம்பனோ நேரே தந்தவன் அல்லன், சிவகாசி அச்சகங்கள் தந்தவன்.

பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு என்ற மகா கலைஞர், நாடகத் திரைகளில் அரண்மனையும் அருவியும் எழுதிப் பழகிய கையால் தெய்வச் சித்திரங்களை வரையத் தொடங்கி, டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலான சீடர்களையும் உருவாக்கினார். அவர்கள் தீட்டிய இலட்சுமியும் முருகனும் பட்டாபிஷேக இராமனும் சிவகாசியின் அச்சுக் கற்களிலும் தகடுகளிலும் ஏறி, லட்சோபலட்சம் நாள்காட்டிகளாகி, குமரியிலிருந்து இமயம் வரையில் கடைச் சுவர்களிலும் பூஜை அறைகளிலும் போய்த் தங்கிவிட்டார்கள். ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி ஆல்பத்தை வெளியிட்டு வியாபாரத்தைத் தொடங்குவது இன்றும் சிவகாசி அச்சகத்தாரின் சம்பிரதாயம். அந்த ஆல்பத்தில் இராமன் இல்லாத வருஷம் இருந்திருக்குமென்று நான் நம்பவில்லை.

இந்த நாள்காட்டி இராமனோடு ஜப்பானிய இராமனை ஒப்பிட்டுத்தான் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். ‘முகத்தில் தேஜஸ் இருக்கிறது, ஆனால் நம் பெருமாள் மாதிரி இல்லை’ என்பது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். இதைப் பழமைப் பற்று என்று தள்ளிவிடுவது எளிது. ஆராய்ந்தால் அதிலொரு நுட்பம் இருக்கிறது. நாள்காட்டி இராமன் நம்மைப் பார்த்து நிற்பவன். வில் தோளிலும், பக்கத்தில் சீதையும், காலடியில் அநுமனுமாக, நேர்முகமாக நின்று, பார்ப்பவனுக்குத் தரிசனம் தருவதைத் தவிர அவனுக்கு வேறு காரியம் இல்லை. ஜப்பானிய இராமனோ தன் காரியத்தைப் பார்த்து ஓடுபவன். அவன் நமக்கு முதுகு காட்டுகிறான்; பக்கவாட்டில் திரும்பி நாணை இழுக்கிறான்; களைத்து உட்காருகிறான்; கோபத்தில் அவன் புருவம் நெரிகிறது. கடவுளை எப்போதும் எதிரில் நின்றே பார்த்துப் பழகியவருக்கு, அவனைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க நேர்வது மனத்துக்குள் ஒரு சிறு தடுமாற்றத்தைத் தரத்தான் செய்யும். இந்தத் தடுமாற்றத்தைத் தந்ததே படத்தின் பெரிய சாதனை என்பது என் கட்சி. காவியத்தில் இராமன் பதினான்கு வருஷம் நடந்தவன். நம் சுவர்களில்தான் அவன் நின்றுவிட்டான்.

அசைவுக்காக ஜப்பானியர் எடுத்துக்கொண்ட பிரயத்தனத்தில் வேடிக்கையும் உண்டு. வேட்டி கட்டிய மனிதன் உட்கார்ந்து எழும்போது துணி எப்படி மடியும், பெரியவர்களை வணங்கும் கை எந்த உயரத்துக்கு வரும் என்பவை யாவும் டோக்கியோக் கலைஞனுக்கு அந்நியமானவை. அவற்றைச் சொல்லித்தர ராம் மோகனைப் போன்றவர்கள் வேண்டியிருந்தது. பார்த்தவர்களில் ஒருவரும் வேட்டி தவறாக அசைந்ததென்று குறை சொல்லக் காணோம். கவனிக்கப்படாமல் போனதே அந்த உழைப்புக்குக் கிடைத்த நற்சான்று.

அடுத்தது பட்டாசுக்காரர்களின் பார்வை. படத்தின் பிற்பகுதியைப் பெரும்பாலும் இலங்கைப் போரே ஆக்கிரமித்திருக்கிறது. இந்திரஜித்து மாயப்போர் புரிகிறான். கும்பகர்ணன் மலை நடந்து வருவதுபோல வருகிறான். அஸ்திரங்கள் ஆகாயத்தில் மோதி ஒளி பிளக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களில் அம்பும் அம்பும் மத்தாப்புக் குச்சிகளைப்போல முட்டிக்கொண்டதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது வேறொரு லோகம். பேன்சி ரக வெடிகளுக்கான மணி மருந்தைப் பற்றி அறிந்த ஒருவர் இக்காட்சிகளைப் பார்க்கும்போது நம்மைப்போலப் பார்ப்பதில்லை. சிவப்பைக் கண்டால் அவருக்கு ஸ்ட்ரான்சியம் நினைவு. மஞ்சளைக் கண்டால் சோடியம். வெள்ளிப் பொறியைக் கண்டால் அலுமினியம். பச்சையைக் கண்டால் பேரியம். அதிலும் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்து, சரவெடியையும் கூடாதென்று ஆக்கிய பின், பச்சை ஒளியைப் பார்த்தால் இங்கே பெருமூச்சுதான் வருகிறது. நீலமோ எல்லாவற்றிலும் கடினம். செம்பும் குளோரினும் சேர்ந்த சேர்மந்தான் நீலத்தைத் தரும். தீயின் வெப்பம் சற்று மிஞ்சினால் அச்சேர்மம் குலைந்து நிறம் வெளுத்துப்போகும். படத்தில் ஓர் அஸ்திரம் ஆழ்ந்த நீலமாகப் பாயும்போது, ‘இந்த நீலத்தை மருந்தில் கொண்டுவர முடியாது’ என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் சில ஊர்களிலேதான் இருப்பார். அவற்றுள் சிவகாசியும் ஒன்று. அக்காலத்து ஜப்பானியச் சித்திரப் படங்களில் இந்த ஜ்வலிப்பைத் தூரிகையால் மட்டும் சாதிக்கவில்லை. ஒளி வேண்டிய இடத்தை மாத்திரம் திறந்துவைத்து, மேஜைக்குக் கீழிருந்து வர்ண வெளிச்சத்தைப் பாய்ச்சி, அதே பிலிமில் மறுமுறை படம் பிடிப்பது அவர்கள் உத்தி. ஆகவே அங்கே பார்ப்பது வர்ணமன்று, உண்மையான வெளிச்சமே.

அநுமன் இலங்கையை எரிக்கும் கட்டத்துக்கு மட்டும் இவ்வூரில் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்க இயலாது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிபட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது போன்ற துக்கங்கள் இப்பிரதேசத்தில் ஒன்றிரண்டல்ல. தீயை விளையாட்டாகப் பார்க்கும் பாக்கியம் தீயோடு பிழைப்பவர்களுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை.

இன்னொரு விசித்திரத்தையும் இங்கே சொல்லவேண்டும். நமக்குத் தீபாவளி நரகாசுரனோடு சம்பந்தப்பட்டது. வடநாட்டாருக்கோ அது இராமன் அயோத்தி திரும்பிய திருநாள். படம் அந்தத் திரும்புதலோடு முடிகிறது. வடக்கே அந்நாளைக் கொண்டாடக் கொளுத்தும் வெடிகளில் மிகப் பெரும் பங்கு சாத்தூர், விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பெண்களின் கைகளில் உருண்டவை. புஷ்பக விமானம் அயோத்தியை நெருங்குகிற காட்சியை இவர்கள் தம் கொள்முதல்காரரின் பண்டிகையாகப் பார்த்தாலும் தவறில்லை.

கதையைப் பற்றிய அபிப்பிராயங்களில் ஆட்சேபமும் பாராட்டும் கலந்தே இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பக்தர்களுக்கு அநுமன் சீதையிடம் கணையாழி கொடுத்து அடையாளம் சொல்லும் கட்டம் உயிர்நாடி. அவ்வூர்ப் பெரியாழ்வாரே அந்த அடையாளங்களை ஒரு தனித் திருமொழியாகப் பாடியிருக்கிறார். அதை இரண்டு மணி நேரச் சொச்சத்துப் படத்தில் தேடினால் ஏமாற்றமே. ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ படித்து வளர்ந்தவர்கள், கைகேயியும் தசரதனும் வாதாடும் இரவை இத்தனை சுருக்கியிருக்க வேண்டாம் என்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படுகிறேன். போர் நீண்டுபோய் மனித துக்கம் குறுகிவிட்டது. கண்ணுக்கு விருந்து வைத்த அளவு இதயத்துக்கு வைக்கவில்லை. 1931இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிய விருதுநகரில், இராவணனுக்கும் ஒரு நியாயம் உண்டென்று கேட்கும் குரல் இல்லாமற் போகுமா? புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வந்து, இரண்டாண்டில் தடைக்குள்ளாகி, 1971இல் தடை நீங்கிய வரலாறு தெரிந்தவர்கள், சாகோவின் இராவணன் வெறும் பகைவனாக நின்றுவிட்டான் என்று கூறுவது எதிர்பார்க்கக் கூடியதே. படம் ஓர் இளவரசனின் வீரயாத்திரையாகக் கதையை அமைத்துக்கொண்டது; அவ்வகைக் கதையில் பகைவனுக்கு வாய்ப்புக் குறைவு.

பதினெட்டு வயதுக்காரர்களின் குறை முற்றிலும் வேறு. அவர்கள் 2025 செப்டம்பர் 12ஆம் தேதி தமிழிலும் வெளியான ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்னும் ஜப்பானியச் சித்திரப் படத்தின் வேகத்தில் திளைப்பவர்கள். அதில் அரக்கர் கோட்டை தலைகீழாகப் புரளுகிறது, வாள் வீச்சில் நீரும் தீயும் சுழல்கின்றன. கணினியின் துணையில்லாமல் அவ்வளவும் ஆகாது. அதைப் பார்த்த கண்ணுக்கு 1992இன் கைச்சித்திரம் மந்தமாகப் படுகிறது. ஆனால் இவ்விளைஞர்களே கவனித்துச் சொன்ன ஒன்று எனக்கு ரசமாயிருந்தது: அரக்கனைக் கொல்லும் முன் அவன் பூர்வகதையைச் சொல்லி அவனுக்காகக் கண்ணீரும் விடச் செய்வது அந்தப் புதிய படத்தின் வழக்கமாம். கம்பனின் கும்பகர்ணனை இவர்கள் படித்தால், அந்த வழக்கம் நம்மிடம் எத்தனை பழையதென்று அறிவார்கள்.

தமிழ்க் குரலைப் பற்றி இவ்வூரில் யாரும் அதிகம் தர்க்கிக்கவில்லை. காரணம் எளிது. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் பிறந்த ஊர் சிவகாசி. இங்கிலாந்தில் பிறந்த இரும்புக்கை மாயாவி இங்கே அச்சாகித் தமிழில் உறுமியபோது அவனை அந்நியன் என்று ஒருவரும் ஒதுக்கவில்லை. வெளிநாட்டுக் கோட்டோவியம் தமிழ் பேசினால் முகம் சுளிக்காத பழக்கம் அரை நூற்றாண்டாக இங்கே ஊறியிருக்கிறது. ஜப்பானுக்கும் இராமகதை நேற்று வந்ததன்று. 12ஆம் நூற்றாண்டில் அங்கே தொகுக்கப்பெற்ற ‘ஹோபுட்சுஷு’ என்னும் நூலில், சீனத்துப் பௌத்தக் கதைகளின் வழியே சென்ற ஓர் இராமகதை இடம்பெற்றிருக்கிறது. இதே கதையின் சேதுவோ, 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும் வரையில் நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. கதைக்கு உரிமை கொண்டாட நமக்கு இடமுண்டு. ஆனால் வரைந்து காட்டியவன் முந்திக்கொண்டான்.

அவன் முந்திக்கொண்டதோடு நில்லாமல், காப்பாற்றியும் வைத்தான் என்பதைத்தான் சிவகாசி அச்சகத்தாருக்கு நான் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். முப்பதாண்டு முந்திய படம் காக்கப்பட்டிருந்ததனாலேயே அதை 4கே தரத்தில் புதுப்பித்து நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் கையால் தீட்டிய மூலச் சித்திரங்கள் உங்கள் அலமாரிகளில், கிடங்குகளில், பழைய ஆல்பங்களுக்கு நடுவில் எங்கேனும் கிடக்குமாயின், கரையானுக்கு முன்னால் நீங்கள் அவற்றைக் கண்டெடுத்து, தூசி தட்டி, ஊரார் பார்க்க ஒரு மண்டபத்தில் வரிசையாக மாட்டிவையுங்கள்; அடுத்த ஆடிப் பெருக்கில் புது ஆல்பம் வெளியிடும் அன்றே அதைத் தொடங்கலாம்.